இயந்திரத்துக்கு ஏது தீட்டு?

நாகலக்ஷ்மி அக்காவுக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை. மலையாள நாட்டுத் தலைநகரில், ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை, நீங்கள் ஏன் செய்துகொண்டீர்கள் என்று திருப்பிக் கேட்பாள். அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் அவள் படிப்பதெல்லாம் மனித உருவில் இயந்திரங்கள் நடமாடும் விஞ்ஞானக் கதைகள்தான்.

"எல்லாக் கதையிலயும் ஒரு பரீட்சை வெப்பா, ஜானவி. இது மனுஷனா மெஷினான்னு. பரீட்சை வெக்கறவன் மனுஷனான்னு மட்டும் ஒருத்தனும் பாக்கமாட்டான்" என்பாள். எனக்கு அந்தக் கதைகளில் பெரிய ருசி கிடையாது. அக்காவின் கோபத்தில் உண்டு.

அக்காவின் அம்மா வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொண்டது பாறசாலையிலிருந்து வந்த ஹோம் நர்ஸ் சுசீலாபாய். குளிப்பாட்டி, ஊட்டி, மாமியின் வசவுகளையும் வாங்கிக்கொண்டு, அதே அறையில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். போன வருஷம் மாமி போய்ச்சேர்ந்தார். உடல் வெளியே போனதும் உறவுக்காரப் பெண்கள் கொல்லைக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார்கள். கடைசியில் சுசீலாபாயும் ஒரு வாளி இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டாள்.

ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தவளைத் தெருச் சமாஜத்தின் செக்ரட்டரி வெங்கடகிருஷ்ணன் மாமா பார்த்தார். "நீ எதுக்குடீ குளிச்சே? சம்பளக்காரிக்கும் தீட்டு உண்டோ?" என்றார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில், ஐயா, சாவு வீட்டில்! நான் அப்போது ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் வந்துதான் கேள்விப்பட்டேன். அம்மாவைப் பறிகொடுத்து நின்ற அக்கா அன்று, அந்தச் சிரிப்புக்கு இந்தத் தெருவைப் பதில் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று மட்டும் மனதில் முடிந்துகொண்டாள்.

இந்த வருஷம் சமாஜத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினாள். தாரா என்கிற பெண் இயந்திரம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறது. கிழவி இறந்ததும் தாராவைத் திரும்ப எடுத்துப்போகக் கம்பெனிக்காரன் வருகிறான். குளிக்காமல் வரமாட்டேன் என்கிறது தாரா. தண்ணீர் பட்டால் அழிந்துபோவோம் என்று தெரிந்தே தலையில் ஊற்றிக்கொள்கிறது. தாராவாக நடிக்க என்னைப் பிடித்துப் போட்டாள்.

கமிட்டியில் படித்துக் காட்டினபோது வெங்கடகிருஷ்ணன் மாமா குதித்தார்.

"மெஷினுக்கு ஏது தீட்டு? உறவு இருந்தாத்தானே தீட்டு? கடைசி சீனை மாத்து, நாகு. அது கையைக் கூப்பறது, வண்டியில ஏறறது. அது மதி, அவ்வளவு போரும்."

"மாத்த மாட்டேன், மாமா."

"அப்போ ஸ்டேஜ் கிடையாது கேட்டோ."

"வேண்டாம். நடுத்தெருவுல போடறேன். போலீஸ் பெர்மிஷன் நானே வாங்கிப்பேன். செக்ரட்டேரியட்ல பின்னே எதுக்கு இருக்கேன்?"

செய்யக்கூடியவள்தான் என்று மாமாவுக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

விழா அன்று சாயங்காலம் அக்கா சுசீலாபாயை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் நெளிந்தார்கள். நாடகம் ஓடியது. கடைசிக் காட்சியில் கம்பெனிக்காரனாக வந்த சுமந்த் என்னைப் பார்த்து, "உன் வேலை முடிஞ்சுது. வண்டியில ஏறு" என்றான்.

"குளிக்கணும்."

"தண்ணி பட்டா அழிஞ்சுபோவே."

"தெரியும்."

"அவா உனக்கு என்ன உறவு?"

"தெரியலை. ஆனா குளிக்காம எப்படிப் போறது?"

குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பல் கிடுகிடுத்தது. விளக்குப் பொறுப்பில் இருந்த அகில் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தான். தூக்கிய கை தூக்கியபடியே நான் அசையாமல் நின்றேன். கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. விளக்கு வந்தபோது பார்த்தால், வெங்கடகிருஷ்ணன் மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாவம் அந்த மெஷின்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அக்கா மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"அழறேளா? நன்னா அழுங்கோ. போன வருஷம் எங்கம்மாவுக்காக சுசீலாபாய் குளிச்சா. ரத்தமும் சதையுமா இருக்கற மனுஷி. அன்னிக்குச் சிரிச்சேள். இன்னிக்கு ஒரு தகர டப்பா குளிச்சதுக்கு அழறேள். உங்க கண்ணுக்கு மனுஷியாத் தெரியணும்னா அவ மெஷினாப் பொறந்திருக்கணுமோ?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். அவள் குரலுக்கு மைக்கே தேவையில்லை. கடைசி வரிசை வரை கேட்டது. எனக்குக் குளிரே மறந்துபோயிற்று. அப்படி ஒரு சந்தோஷம்.

மாமா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் செக்ரட்டரி அல்லவா, சமாளித்துக்கொண்டு சுசீலாபாய் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஏதோ வாய் தவறிப்போச்சு, சுசீலா. உனக்கும் தீட்டு உண்டுன்னு நாங்க ஒத்துக்கறோம். போருமோ?" என்றார். பெரிய மனது பண்ணிவிட்டார் என்று நாலு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அவள் கும்பிடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சுசீலாபாய் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மை போனா, நான் குளிச்சேன். அதுக்கு நீங்க என்ன சாமி ஒத்துக்கியது? ஒங்ககிட்ட கேட்டுட்டா குளிச்சேன்?"