கராம்பு எண்ணெய் விட்ட பாண்

போன கிழமை அக்கராயனில் எங்கள் பாண் பொங்கவில்லை. காரணம் வேறு யாருமல்ல... நான்தான்!

சண்டையில் இடம்பெயர்ந்து வந்தபின் நானும் மனைவியின் தம்பி தவராசாவும் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறோம். மா கிடைப்பதே பெரும்பாடு. ஈஸ்ட் எங்கே வரும்? மாவைக் கள்ளில் கரைத்துப் புளிக்கவைத்து, அதையே நாளுக்கு நாள் வளர்த்து வந்தோம். ஒரே குறை — நாற்றம். வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

பல்வலிக்கு வைத்திருந்த கராம்பு எண்ணெயை அந்தப் புளிமாவில் கவிழ்த்தேன். வாசமாக இருக்கட்டுமே!

விடிய, பிசைந்த மா அப்படியே கிடந்தது.

"என்னத்தை விட்டனீங்கள் அத்தான்?" என்றான் தவராசா.

பக்கத்துவீட்டு விஞ்ஞான ரீச்சர் எட்டிப் பார்த்தார். "ஈஸ்ட் உயிருள்ள சாமான் அண்ணை. அதின்ர தோலிலை கொழுப்பு இருக்கு. எண்ணெய் அதுக்குள்ளை பூந்து குழப்பிப்போடும். ஒரு துளியெண்டால் தன்ர கொழுப்பை மாத்தியாவது சமாளிக்கப் பாக்கும். நீங்கள் முழுப் போத்தலையுமெல்லோ விட்டிட்டியள்!"

மாவை எறிய மனம் வருமா? சுட்டோம். செங்கல் மாதிரி வந்தது.

ராமாயி அக்கா வழமைபோல பாண் வாங்க வந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல்வேலை செய்பவர். கணவருக்கு மலேரியா. தேத்தண்ணியில் தோய்த்த பாண் மட்டும்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கும்.

பின்னேரம் அந்தப் பாணோடு திரும்பி வந்தார். "ஊறவே மாட்டேங்குதுங்கய்யா. நாளைக்கு நல்ல பாண் கெடைக்குமா?"

புதுப் புளிமா தயாராக மூன்று நாளாகும். அது எனக்குத் தெரியும். இருந்தும், "ஓம் அக்கா, கட்டாயம்" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

என் சொல்லை நம்பி மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வெறுங்கையோடு போனார்.

மூன்றாம் நாள் மா பொங்கியது. சூடு ஆறமுன் ஒரு பாணைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ஓடினேன். குடிசை வாசலில் சனம் நின்றது. விடியற்காலையில் மூச்சு அடங்கிவிட்டதாம்.

ராமாயி அக்கா பாணை வாங்கினார். திட்டவில்லை. துண்டு துண்டாகப் பிய்த்து, அங்கே நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

"சாப்பிடுங்க. மெத்துன்னுதான் இருக்கு."

மலேரியாதான் கொன்றது என்கிறான் தவராசா. இருக்கட்டும்... கடைசி நாட்களில் அந்த மனிதர் பட்டினி கிடந்தாரே, அதுவும் மலேரியாவாலா?