மேசைக்கு அடியில் உருண்ட எலுமிச்சம்பழம்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் வயர்மேன். பியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் எந்த வீட்டை விட்டும் கிளம்பியவன் இல்லை. பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் முதலில் கிண்டல் பண்ணுகிறவனும் நான்தான். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே இது நடந்தது. ஒரு சொல்கூடச் சேர்த்துச் சொல்லவில்லை.

1979ஆம் வருஷக் கோடை. திருமங்கலத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக்கிணறு, மாயக்கண்ணாடி, பேசும் தலை, பெரிய அப்பளம், எல்லாம் உண்டு. கம்பெனிப் பெயர் வேண்டாம். திறந்த மறுநாளே சீரியல் பல்புகள் மொத்தமும் அணைந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். சரிசெய்து கொடுத்தேன். அங்கே சூப்பர்வைசராக இருந்த சங்கிலிக்கு ஏக சந்தோஷம்.

"அண்ணே, சாயங்காலக் கூட்டத்துல வந்து இடிபடாதீங்க. பகல்ல எல்லாம் மூடித்தான் கெடக்கும். வீட்ல அவுகளையும் கூட்டிட்டு வாங்க. எது வேணும்னு மட்டும் சொல்லுங்க, உள்ள கூட்டிப்போயி எப்படிப் பண்றோம்னு பிரிச்சே காட்டுறேன். வெளியாளு யாருக்கும் காட்ட மாட்டோம்" என்றான்.

எனக்கு மரணக்கிணறுதான் ஆசை. சுவரில் பைக் ஓடும்போது அந்தப் பலகைகளை எது தாங்குகிறது என்று அடியில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் என் மனைவி அழகம்மாள் ஒரே போடாகப் போட்டாள்.

"எனக்குப் பேசும் தலையைத்தான் பாக்கணும்."

போன வருஷம் இதே கம்பெனி சோழவந்தானில் கொட்டகை போட்டபோது பார்த்திருந்தாள். பித்தளைத் தட்டில் ஒரு பெண்ணின் தலை மட்டும் இருக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். அன்றிலிருந்து ஒரே கேள்விதான். "அந்தப் பிள்ளைக்குக் கழுத்து வலிக்காதாங்க?"

"அடியே, அது கண்ணாடி வேலை. மேசைக்காலுக்கு நடுவுல ரெண்டு கண்ணாடியைச் சாய்ச்சு வச்சிருப்பாங்க. பக்கத்துத் துணி அதுல தெரியும். நமக்கு அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு கண்ணாடிக்குப் பின்னால முட்டி போட்டு, ஓட்டை வழியா தலையை மேல நீட்டும். அம்புட்டுத்தான்."

"அப்ப முட்டி வலிக்கும்ல?" என்றாள். 

அழகம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். அடுத்த புதன்கிழமை வளைகாப்பு. இதற்கு முன் ஒன்று தங்காமல் போனதால், இந்தப் பிள்ளை நல்லபடியாக வர வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் வெளியே போகிறோம் என்றதும் என் அம்மா ஒச்சாயிக்குக் கோபம். போகாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓர் எலுமிச்சம்பழத்தில் குங்குமம் வைத்து மருமகள் கையில் திணித்தாள்.

"வீடு திரும்புற வரைக்கும் இதைக் கையை விட்டு இறக்காத ஆத்தா."

நான் சிரித்தேன். அழகம்மாள் இன்னொரு கையில் ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் பணியாரம்.

பொட்டலில் ஒரு குருவி இல்லை. ராட்டினத்தின் தொட்டில்கள் அசையாமல் தொங்கின. படுதா போட்ட கடைகள். தகரம் வெயிலில் சடசடவென்று விரிகிற சத்தம் மட்டும். ராத்திரி அத்தனை ஜனம் கத்துகிற இடம் பகலில் இப்படிக் கிடப்பது எனக்கே என்னவோபோல் இருந்தது.

சங்கிலி வந்து தகரக் கொட்டகையின் பூட்டைத் திறந்தான். "உள்ள போயி பெஞ்சுல உக்காருங்கண்ணே. கரண்டு போடணும், ஒரு சாமானும் வருது. வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே கும்மிருட்டு. அடுப்புக்குள் நுழைந்த மாதிரி சூடு. தடவித் தடவி முன் பெஞ்சில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் மேடைமேல் ஒரு பல்பு மஞ்சளாக எரிந்தது. சங்கிலி மெயினைப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

மேடையில் மேசை. மேசைமேல் பித்தளைத் தட்டு.

தட்டில் தலை.

அழகம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். "அதே பொண்ணுங்க!"

சங்கிலி நமக்காகத் தனியாக ஆட்டமே ஏற்பாடு செய்துவிட்டான் என்று எனக்குப் பெருமை. மாநிறம். வட்ட முகம். நெற்றியில் பொட்டு. தலையில் கனகாம்பரம், வாடிக் கறுத்துப்போயிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றுகிறது. அந்த முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

அது என்னைப் பார்க்கவே இல்லை. அழகம்மாளைத்தான் பார்த்தது.

"எத்தனை மாசம்?"

சேலையை இழுத்துப் போர்த்தி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படித் தெரிந்தது?

"ஏழுக்கா" என்றாள் அழகம்மாள்.

"எனக்கும் ஏழுதான்."

"ஐயய்யோ! வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா கீழ முட்டி போட்டிருக்கீக? வலிக்கலையாக்கா?"

"இப்ப வலிக்கல."

 தகரம் சடசடத்தது.

"வளைகாப்பு ஆச்சாக்கா?"

"யாரு போடுறது?"

அழகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சுபாவம் அப்படி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கே உள்ள வழக்கம் அது, இரண்டு வார்த்தை பேசிவிட்டால் வீட்டுக்கு அழைக்காமல் விட மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட அழைப்பார்கள்.

"எனக்கு வர்ற புதன்கிழமைக்கா. திருமங்கலம் சந்தைக்குப் பின்னால, வயர்மேன் பேச்சிமுத்து வீடுன்னா யாரும் காட்டுவாக. அவசியம் வரணும். எனக்குப் போடுறப்பவே உங்களுக்கும் வளையல் போட்டுவிடச் சொல்றேன்."

தலை சிரித்தது. முதல் தடவையாக.

"வாரேன்."

பணியாரத்தை மேடையில் வைக்க அழகம்மாள் எழுந்து குனிந்தாள். கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி மேடைமேல் விழுந்தது. உருண்டது.

மேசையை நோக்கி உருண்டது.

முன்கால்களுக்கு நடுவே போனது...

கண்ணாடியில் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை.

மேசைக்கு அடியிலேயே உருண்டது. தலைக்கு நேர் கீழே உருண்டது. அந்தப் பக்கம் வெளியே வந்து, பின்பலகையில் மோதியது.

டொக்.

நான் குனிந்து பார்த்தேன். மேசைக்கு நாலு கால். நாலுக்கும் நடுவில்...

ஒன்றுமே இல்லை.

"எந்திரி" என்றேன்.  "பழம் கெடக்குதுங்க..." என்றாள். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, "வரணும்க்கா!" என்று இன்னொரு தடவை அழைத்துவிட்டு வந்தாள்.

அவளை வேப்பமர நிழலில் உட்கார வைத்தேன். அப்போதுதான் சங்கிலி வந்தான். பின்னால் இரண்டு ஆட்கள், சாக்கு சுற்றிய பெரிய பலகைபோல் எதையோ தூக்கி வந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, லேட்டாயிருச்சு. ரசம் போயிருச்சுன்னு கண்ணாடியை மதுரை டவுனுக்கு அனுப்பியிருந்தோம். இப்பத்தான் வருது. மாட்டிக் காட்டுறேன், வாங்க. உள்ள இருட்டா இருந்திருக்குமே, மெயினும் இன்னும் போடல."

 "அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

"புதுப் பொண்ணு நாளைக்குத்தாண்ணே வருது."

"பழைய பொண்ணு?"

சங்கிலி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அழகம்மாள் பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அவுக காதுல விழ வேணாம். மாசி மாசம் மேலூர்ல செத்துருச்சுண்ணே. வயித்துப் பிள்ளைக்காரி. ஏழு மாசம். புருசன்காரன் ஏற்கெனவே ஓடிட்டான். அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, ஆட்டத்துக்கு மேல ஆட்டம், எந்திரிக்கவே விடல. கடைசி ஆட்டத்துல திரையைத் தூக்கினா, கண்ணைத் தெறந்தபடியே இருக்கு. என்ன கேட்டாலும் பதில் இல்ல. ஜனம் அதுவும் வித்தைன்னு நெனச்சு... கை தட்டுச்சுண்ணே. எடுத்துப் போட ஒரு சொந்தம் வரல. வயித்துப் பிள்ளையோட போன பொம்பளைக்குச் சுமைதாங்கிக் கல்லு வைப்பாகள்ல? அதுகூட வைக்கல."

அழகம்மாளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இந்த நிலைமையில் சொல்லலாமா? அவளோ தினமும் நாளை எண்ணிக்கொண்டு, "அந்தக்காவுக்குப் பச்சை வளையல் எடுத்துக் கொடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த நாட்களில் தூக்கம் இல்லை. அவள் வயிற்றில் பிள்ளை உதைக்காத நேரமெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

புதன்கிழமை வந்தது. வீடு நிறையப் பெண்கள். நான் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. பந்தலுக்கு ஆள் பார், மைக் செட்டுக்காரன் கூப்பிடுகிறான் என்று அம்மா கத்தினாள். அசையவில்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகம். அவள் வரவில்லை.

வளையல்காரர் ஜலால் பாய் நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் வளையல் போட்டார். அழகம்மாள் இரண்டு கை நிறைய வளையலோடு சிரித்தாள். சாப்பாடு முடிந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசி ஆளும் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஜலால் பாய் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"திருப்திதானே பாய்?"

"நெறைவா இருந்துச்சு தம்பி. உள் ரூம்ல இருந்த இன்னொரு புள்ளத்தாச்சிக்கும் போட்டுட்டேன்."

"...எந்தப் புள்ளத்தாச்சி?"

"தெரியலயே. உங்க வீட்டுப் பிள்ளைன்னு நெனச்சேன். பச்சை வளையலா கேட்டு வாங்குச்சு. கை ஜில்லுனு இருந்துச்சு தம்பி, இந்த வெயில்ல. வெக்கம்போல. கதவுக்குப் பின்னால நின்னு கையை மட்டும் நீட்டுச்சு."

"முகம்?"

பாய் கயிற்றை முடிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"போட்டு முடிச்சு நிமிந்து பாத்தேன். வயிறு தெரிஞ்சுச்சு. தோள் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல..."

 பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக இறங்கினார். அதன் பிறகு எங்கள் தெருவுக்கே அவர் வளையல் விற்க வந்ததில்லை.

நான் உள் ரூமுக்குப் போனேன். யாரும் இல்லை. கதவை மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன்.

கதவுக்குப் பின்னால், தரையில்...

காய்ந்து சுருங்கிய ஓர் எலுமிச்சம்பழம். அதில் அம்மா வைத்த குங்குமம்.

"ஏங்க..." கூடத்திலிருந்து அழகம்மாளின் குரல். "அந்தக்கா வரவே இல்லையேங்க?"

நான் பழத்தை எடுத்து வேட்டி மடியில் மறைத்தேன்.

பெண் பிள்ளை, சுகப்பிரசவம். இன்றைக்கு அவளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் உச்சி வேளையில் வீடு அடங்கியிருக்கும்போது, உள் ரூமில் கண்ணாடி வளையல்கள் உரசுகிற சத்தம் கேட்கும். எலியாக இருக்கும் என்று அழகம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் விசேஷத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போக மாட்டார்கள்.

அவள் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.