மூன்று பிளாஸ்க் வெந்நீர்

லல்லன் பிரசாத் மூன்றாவது பிளாஸ்கின் மூடியை இறுக்கித் திருகி, இடுப்பில் அணைத்துக்கொண்டார். பாட்னாவின் அந்த ஆஸ்பத்திரியில், பித்தப்பைப் புற்றுநோய்க்கு வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில் கேமரா பிடிப்பவர் அவர். லென்சில் ஆவி படியும்போதெல்லாம் வெந்நீரில் முக்கித் துடைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பிளாஸ்கோடு போவார்கள். தீர்ந்தால் வெளியே வந்து நிரப்பிக்கொள்வார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு லல்லனும் அப்படித்தான். முதலில் கேமரா மட்டும் உள்ளே போய்ப் பார்க்கும். அரிசிக் குருணை போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் நோய் பரவிவிட்டது; தைத்து அனுப்பிவிடுவார்கள். கதவு சீக்கிரம் திறந்தால் கெட்ட செய்தி என்பது வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு மனப்பாடம். ஒரு நாள் தண்ணீர் ஆறிப்போக, வெந்நீர் நிரப்பப் பத்தாவது நிமிடமே அவர் கதவைத் திறந்தார். ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அவள் புருஷனுக்கு உள்ளே நோய் பரவியிருக்கவே இல்லை. அந்த அலறல் இன்னும் லல்லனின் காதில் இருக்கிறது.

இன்று ஆபரேஷன் ஹாஜிப்பூர் வாழைப்பழ வியாபாரி ராம்ஜதனின் மனைவி ஃபூல்வந்திக்கு. கதவருகே ராம்ஜதன் லல்லனை நிறுத்தினார்.

"அண்ணே, கதவு எப்பத் தொறக்கும்?"

"கடியாரத்தையே பாக்காதய்யா. இந்த மூணும் காலியானாத்தான் வருவேன். ஒம் பொண்டாட்டி எங்கிட்ட மீன் கொழம்பு கேட்டிருக்கு, வெச்சுக் குடுப்பியா?"

"எனக்கு வெந்நி வெக்கவே தெரியாதுன்னு ஊருக்கே சொல்லுவாளே!"

உள்ளே விளக்குகள் மங்கின. திரையில் ஈரல், விடியற்காலைக் கங்கைக்கரை போல ஈரமாக மினுங்கியது. இந்த நேரத்தில் லல்லன் தரையில் நிற்பதில்லை, மனதுக்குள் படகில் போய்க்கொண்டிருப்பார். கை மட்டும் அசையாது. அதற்காகவே காலையில் டீ குடிப்பதில்லை.

ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் மிருதுளாவின் கை நின்றது. "லல்லன்ஜி, அது என்ன?"

லல்லன் கேமராவை மெல்ல நகர்த்தினார். திரையில் ஈரல் நகர்ந்தது, புள்ளி அதே இடத்தில் நின்றது.

"லென்சுல அழுக்கு மேடம்! உள்ள இல்ல!"

வெந்நீரில் முக்கித் துடைத்து மறுபடி நுழைத்தார். மாசில்லாத ஈரல். படகு மீண்டும் நகர்ந்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பின், பித்தப்பை தன்னோடு ஒட்டிய ஈரல் துண்டுடன், ஒரு சொட்டுப் பித்தம் சிந்தாமல் சிறு பைக்குள் அடங்கி வெளியே வந்தது.

கதவு திறந்தது. ராம்ஜதன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். லல்லன் அவர் முன்னால் போய் நின்று, பிளாஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.