பின்கதவுக்கு ஒரு வார்

காவல் நிலையத்திலிருந்து கூட்டிவந்த நாளிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுவது மகன்தான். யாரும் சொல்லவில்லை. வந்ததும் நேராகத் தொட்டியடியில் போய் நின்றவன், அதன்பிறகு ஒரு கரண்டியைக்கூட அம்மாவைத் தொட விடவில்லை. கழுவியதையே எடுத்து மறுபடி கழுவினான். ஒரு கையைச் சோப்புத் தண்ணீரில் விடும்போது மட்டும் முகம் சுளித்தான். உள்ளங்கையில் குறுக்காக ஒரு கீறல், இன்னும் ஆறவில்லை.

பதினேழு வயது வரை தின்ற தட்டை நகர்த்தி வைக்காத பிள்ளை.

அம்மா கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். முதலில் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தாள். தையலின் உறுதியைப் பார்த்த முதலாளி தன் கடைக்கு இழுத்துக்கொண்டார். அங்கே எல்லோருக்கும் அவள் சீட்டு அக்கா. புதிதாக வருகிறவர்கள் பணச் சீட்டு என்று நினைத்து ஏலம் எப்போது என்று கேட்பார்கள். "இது உட்காருற சீட்டுப்பா. எடுத்துக்கிட்டு ஓடவும் முடியாது" என்பாள்.

பழைய உறையைக் கழற்றும்போதே உட்கார்ந்தவனின் லட்சணத்தைச் சொல்லிவிடுவாள். விளிம்பு தேய்ந்திருந்தால் அவசரக்காரன். நடுவில் குழிந்திருந்தால் தூங்குமூஞ்சி. "சும்மா உட்கார்ந்தவன்னு ஒருத்தனையும் நான் பார்த்ததில்ல" என்று சிரிப்பாள். இப்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் அதே சொல்லைத்தான் ஆறுதலாகச் சொன்னார்கள். உங்க பையன் சும்மா உட்கார்ந்துதானே இருந்தான்.

நடந்தது இதுதான். மகனின் கூட்டாளி நெட்டை, உரிமம் இல்லாமல் தன் மாமாவின் காரை எடுத்திருக்கிறான். பக்கத்தில் இன்னொருவன். பின்சீட்டில் இவன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்ணின் கைப்பையை முன்சீட்டுக்காரன் ஓடும் வண்டியிலிருந்தே பறித்தான். பிறகு ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி நின்றது. கேட் திறந்ததும் இன்னொரு பெண். அவள் பையை விடவில்லை. இழுபட்டு விழுந்து தோள் எலும்பு முறிந்தது. தப்பித்து ஓடிய வேகத்தில் கார் மரத்தில் மோதியது.

மகனின் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மா விசாரணைக்கு முந்தின நாள் மதியம் கடைக்கே வந்திருந்தார். தைத்து முடித்த உறைகளுக்கு நடுவில் உட்கார இடமில்லாமல் நின்றபடியே பேசினார்.

"பின்னாடி உட்கார்ந்தது மட்டும் குத்தமில்லம்மா. ஆனா முதல் பையைப் பிடுங்கினப்பவே இவனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் வண்டி கேட்டுல நின்னிருக்கு. இறங்கிப் போக வழி இருந்தும் கூடவே இருந்தானா? அதைத்தான் கேப்பாங்க. இருந்தான்னு முடிவானா அவங்களோட சேர்த்து இவனையும் நிறுத்துவாங்க. இல்லேன்னா இவன் வெறும் சாட்சி."

"அவன் என்ன சொல்றான்?"

"பின்கதவு உள்ளேயிருந்து திறக்காதுங்கிறான். மோதினதுல அந்தக் கதவே நசுங்கிப் போச்சு, இப்போ பார்த்து ஒண்ணும் தெரியாது. மாமாக்காரர் வாயே திறக்க மாட்டேங்கிறார். அந்த வண்டிக்கு உறை தைச்சது நீங்கதானாமே. நாளைக்கு விசாரணை. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவர் போனபின் ஒரு முதுகுப்பக்கத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். முதலாளி தூக்கிப் பார்த்தார். "என்னக்கா, உட்காருறதுக்கா, தலைகீழா நிக்கிறதுக்கா?" பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணியது. முதலாளி விளக்கை அணைத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

யோசிக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவளைப் படுத்தியது. அந்தக் கதவு திறக்காத கதவே அல்ல. மூட மறுத்த கதவு. பூட்டு பிடிக்காது, ஒரு பள்ளம் வந்தால் தானாக வாயைப் பிளக்கும். பூட்டு மாற்ற நேரமில்லை, ஏதாவது பண்ணுங்கக்கா என்று மாமாக்காரர் கெஞ்சியதால், மிச்ச ரெக்சினில் ஒரு வார் வெட்டி, இரட்டைத் தையல் போட்டுக் கதவின் உட்புறம் முடுக்கிக் கொடுத்தவள் அவள்தான். பக்கத்தில் உட்காருகிறவர் அதை இழுத்துப் பிடித்தபடியே வரவேண்டும். ஓரத்தை மடித்துத் தைக்க அன்று பொழுதில்லை. கையை அறுக்கும் என்று அப்போதே நினைத்தாள்.

வீட்டில் கணவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர்.

"இந்தா, திறக்காதுன்னு ஒரு வார்த்தை. பிள்ளைக்காகச் சொல்றதுதானே."

"திறக்கும்னு எனக்குத் தெரியுமே."

"தைக்கிறவளுக்குப் பூட்டைப் பத்தி என்ன தெரியும்? தெரியாதுன்னாவது சொல்லித் தொலை."

"தெரியாதுன்னு சொன்னா முகம் காட்டிக் கொடுத்துடும்."

"அப்போ முகத்தைத் திருப்பிக்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். மகன் கழுவி வைத்ததை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"அந்த வார் நான் தைச்சது."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை மட்டும் நின்றது.

"தெரியும். தையலைப் பார்த்ததுமே தெரியும்."

"அப்புறம் ஏன்டா திறக்காதுன்ன?"

"ஏன் இறங்கலைன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல."

"கேட்டுல வண்டி நின்னப்ப கையை விட்டிருந்தா போதும். அதுவே திறந்திருக்கும்."

அவன் குழாயை மூடினான்.

"ஏறும்போதே நெட்டை சொன்னான்மா, கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கோடா, திறந்துச்சுன்னா மாமா என்னைக் கொன்னுடுவார்னு. பிடிச்சேன். பையைப் பிடுங்கினப்பவே இறங்கிடணும்னுதான் நெனச்சேன். நெனைக்க நெனைக்க இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். கீறலின் ஒரு முனை பிரிந்து ஈரமாக இருந்தது. துண்டின் உலர்ந்த பக்கத்தால் ஒற்றினாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் கதவு திறக்கும்னுதான் நான் சொல்லப்போறேன். வாரைப் பத்தியும் சொல்வேன். நீயும் இப்போ எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு."

"அவன் பிடிச்சுக்கோன்னான், நான் பிடிச்சேன்னா?"

"ஆமா."

"அதைச் சொன்னா என்னை விட்டுடுவாங்களாம்மா?"

துடைத்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கழுவ இன்னும் ஒரு டம்ளர் கிடந்தது. ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வக்கீலம்மாவுக்குப் போன் பண்ண முன்னறைக்குப் போனாள்.