ஓடைமேட்டு எல்லைக்கல்லில் நின்ற டோலி

பாய் சாரைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சங்கடமான இடம் ஒன்று இதில் வருகிறது. அதையும் விடப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் அவருடைய கூட்டங்களில் வட்டமாக உட்கார்ந்தவர்கள். நான் எங்கேயாவது தவறாக எழுதியிருந்தால் நீங்கள் திருத்த வேண்டும்.

செய்தி எனக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. கணியம்பாடி விடுதியில் நாங்கள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தோம். என் அப்பா வாசலில் நிற்பதாக வார்டன் அம்மா வந்து சொன்னார். அப்பா மாதக் கடைசியில்தான் மலையிலிருந்து இறங்குவார். அது மாத நடு. அவருடைய வலது தோளில் சட்டை கிழிந்து, தோல் உரிந்திருந்தது. நோயாளியைத் துணியில் கட்டித் தூக்கும் டோலிக் கம்பு ஏறிய தோள் எப்படி இருக்கும் என்று மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு என்ன என்று கேட்டேன்.

"வூட்ல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. பாய் சாரு பூட்டாரு" என்றார். பிறகு, "எல்லைக்கல்லாண்ட நின்னுட்டோம்மா" என்றார்.

அந்த இரண்டாவது பேச்சைக் கேட்டதும் என் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏன் என்பது பின்னால் வருகிறது.

பஷீர் சார் வாணியம்பாடிக்காரர். எங்கள் மலையில் அவரை எல்லோரும் பாய் சார் என்றே கூப்பிட்டார்கள். கூட்டம் நடத்துவது அவருடைய தொழில். அரசியல் கூட்டம் அல்ல. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்றால், அவர்களை உட்கார வைத்து, பேச வைத்து, யார் எதைச் செய்வது என்று அவர்களே திட்டம் போடும்படி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பால் சொசைட்டிகளும் தோல் ஆலைகளும் தொண்டு நிறுவனங்களும் அவரை அழைத்தன. நாம பேசறது போதாதுன்னு பேச வைக்க ஒரு ஆளு வேற வர்றாராம் என்று எங்கள் ஊரில் முதல் நாள் சிரித்தார்கள். அவரிடமே அப்பா இதைச் சொல்லிவிட்டார். அவரும் சிரித்தார். தோல் ஆலையில் மேஸ்திரியாக இருபது வருஷம் கத்தியே வேலை வாங்கியதாகவும், அதில் தொண்டை போனதுதான் மிச்சம் என்றும், ஒருவரும் கேட்டதில்லை என்றும், அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாகவும் சொன்னார். அவருடைய குரல் உண்மையிலேயே கரகரப்பானது. அவர் பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பலாக்கொல்லைக்கு அவர் வந்ததற்குக் காரணம் என் சித்தி. பிரசவ வலியில் சித்தியை டோலியில் வைத்துத் தூக்க ஆள் சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. வழியிலேயே இறந்தாள். எங்கள் ஊரிலிருந்து இறங்க வேண்டும் என்றால் ஓடைமேடு என்ற ஊரைத் தாண்டித்தான் ஜீப் பாதைக்கு வர முடியும். அங்கிருந்து அமிர்தி, பிறகு வேலூர். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று தொண்டு நிறுவனத்தார் அவரை அனுப்பினார்கள்.

அவர் எங்களுக்குச் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்தார். ஒருமுறை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் வைத்துவிட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் ஊர் நாட்டாமைக்குக் கால்மணி நேரத்தில் மூன்றும் தீர்ந்தது. இன்னும் இரண்டு கொடு என்று கேட்டார். பாய் சார் கையை விரித்துக் காட்டினார். நாட்டாமை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். "மீதி வெச்சிருக்கிறவங்களப் பாருங்க. அவங்ககிட்டதான் விஷயம் கீது" என்று பாய் சார் சொல்வார்.

கண்ணைக் கட்டும் பயிற்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். தலைவராக இருப்பவர் பிறர் சொல்லை நம்பி நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காக அது. சீட்டு எடுத்ததில் நாட்டாமைக்கு வழி சொல்லும் வேலை அவருடைய மருமகள் குப்பம்மா அக்காவுக்கு விழுந்தது. எங்கள் ஊரில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவதில்லை. அக்கா யோசித்துவிட்டு அங்கே மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"ஏ கோழி, எதுர்ல கல்லு கீது, சோத்தாங்கை பக்கமாப் போ" என்றாள். நாட்டாமை வலது பக்கமாகப் போனார். "ஏ கோழி, பள்ளம்" என்றாள். நின்றார். ஊரே சிரித்தது. கண்ணைக் கட்டியபடியே நாட்டாமையும் சிரித்தார். பாய் சார் மட்டும் சிரிக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழி இல்லாத இடத்தில் இந்தப் பெண் என்ன செய்யும் என்று பிறகு என்னிடம் கேட்டார். எனக்கு அது வேடிக்கையான கேள்வியாகப் பட்டது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம், குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. பரீட்சை முடிந்து விடுமுறையில் இருந்தேன்; இரண்டு ஊரிலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்பா பெருமையாகச் சொல்லி என்னை உட்கார வைத்தார். வட்டத்தில் கொட்டை வைத்துச் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், நானாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது பாய் சார் எனக்குத் தந்த விதி. ஒவ்வொரு நாள் முடிவிலும் குறிப்பை வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், "எழுதாம விட்டது எதனா கீதாம்மா?" என்று கேட்பார். நான் இல்லை சார் என்பேன்.

மூன்றாம் நாள் திட்டம் முடிவானது. எங்கள் ஊரில் ஆறு பேர், ஓடைமேட்டில் ஆறு பேர். யார் ஓடிப்போய்ச் சொல்வது, கம்பு யார் வீட்டில் இருக்கும், எந்த இடத்தில் தோள் மாற்றுவது என எல்லாவற்றையும் அவர்களே பேசினார்கள். பாய் சார் சாம்பலால் தரையில் பாதையை வரைந்து வைத்திருந்தார். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அப்போது எனக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற குப்பம்மா அக்கா குனிந்து என் காதில் பேசினாள்.

"ஏம்மா மல்லிகா, எல்லைக்கல்லாண்ட நிறுத்துவாங்களே, அத எழுதினியா?"

எது என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியோடு வரும் டோலி ஓடைமேட்டு எல்லைக்கு வந்தால், அந்த ஊர் நாட்டாமை வந்து தண்ணீர் தெளித்து வரலாம் என்று சொல்லும்வரை தாண்டக் கூடாது. வழிவழியாக வந்த வழக்கம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியவர்களும் ஓடைமேட்டு நாட்டாமை எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவருடைய உரிமையைப் பற்றிப் பேச மாட்டார்கள். குப்பம்மா அக்கா ஓடைமேட்டில் பிறந்தவள். அவளுக்கு நினைவு வந்தது. அவள் மடியில் முடிந்து வைத்த மூன்று கொட்டையும் அப்படியே இருந்தன.

நீயே வட்டத்தில் சொல்லக்கா என்றேன். "மாமா எதுர்ல எப்டிமா?" என்றாள். வட்டத்தில் சொன்னால்தான் எழுதுவேன், அதுதான் விதி என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று குறிப்பை வாசித்தபின் பாய் சார் வழக்கம்போலக் கேட்டார். நான் வழக்கம்போல இல்லை சார் என்றேன். மறந்து சொன்னதல்ல. நினைவோடுதான் சொன்னேன். விதியைச் சரியாகப் பின்பற்றினேன் என்று எனக்குள் மகிழ்ச்சிகூட இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரை டோலியில் இறக்கினார்கள். இரண்டு முறையும் ஓடைமேட்டு நாட்டாமை வீட்டில் இருந்தார். உடனே வந்து தண்ணீர் தெளித்தார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஏற்பாடு நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் பாய் சாருக்குக் கடிதம் போட்டோம். அதைப் பார்க்க நானே புதன்கிழமை வருகிறேன், கூட்டத்தில் சொல்லுங்கள் என்று பதில் எழுதினார். அந்தப் புதன்கிழமைதான் அது நடந்தது.

இனி எழுதுவது அப்பா சொன்னது. எங்கள் ஊரில் கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பாய் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திட்டத்தில் இருந்தபடியே ஆறு பேரும் உடனே வந்தார்கள். ஒரு நொடிகூட வீணாகவில்லை என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். உச்சி வெயிலுக்கு முன்பே எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டார்கள். ஓடைமேட்டு ஆறு பேரும் கல்லுக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றார்கள். அவர்களுடைய நாட்டாமை கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போயிருந்தார். அவரைத் தேடி ஒரு ஆள் ஓடினான்.

டோலி ஏன் நிற்கிறது என்று பாய் சார் கேட்டார். அப்பா வழக்கத்தைச் சொன்னார்.

"இது நம்ம கூட்டத்துல வரவே இல்லியே" என்றார் பாய் சார்.

பிறகு அப்பா, "சாரு, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, தாண்டிடறோம்" என்றார்.

"நான் சொன்னா என் பேச்சு. நீங்க பன்னெண்டு பேரும் பேசுங்க" என்றாராம்.

அவர்கள் பேசினார்கள். தாண்டலாம் என்று நான்கு பேர் சொன்னார்கள். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கு நாட்டாமை தண்ணீர் தெளிக்க வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் கம்புக்குத் தோள் கொடுக்கவில்லை. நாட்டாமை ஓடி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்து, டோலியைத் தூக்கிய பிறகு பாய் சார் பேசவில்லை. ஜீப் பாதைக்கு வருமுன் முடிந்துவிட்டது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பார்த்த டாக்டர் சொன்னாராம். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

அவர் ஏன் தாண்டுங்கள் என்று சொல்லவில்லை என்று நான் பலமுறை யோசித்தேன். தன் உயிருக்காகத் தன் விதியை மீறவில்லை என்று பெருமையாக எழுதலாம். எனக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அவர்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. நானும் அப்படித்தானே விதியைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கும்போது கோபம் என் பக்கம் திரும்புகிறது.

இன்று மாலை கணியம்பாடி மண்டபத்தில் அவருக்காகக் கூடினோம். அவருடைய மனைவியும் தம்பியும் வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு ஊர் நாட்டாமைகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். என்னைக் குறிப்பு வாசிக்கச் சொன்னார்கள். நான் மூன்றாம் நாள் குறிப்பை வாசித்தேன். பிறகு, அதில் இல்லாத எல்லைக்கல் விஷயத்தையும், எனக்குச் சொன்னவர் பெயரை விட்டுவிட்டு, சொன்னேன்.

குப்பம்மா அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். தன் மாமனாரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"நான்தான் மாமா சொன்னேன். உங்க எதுர்ல சொல்ல வாய் வரல. சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

ஓடைமேட்டு நாட்டாமை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காட்டுக்குப் போகும் நாளில் தண்ணீர் தெளிக்கும் செம்பை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். அது முடியாது என்று ஒருவர் சொன்னார். ஏன் முடியாது என்று இன்னொருவர் கேட்டார். அது முடிவாகவில்லை. பாய் சாரின் மனைவி எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு நாங்கள் ஒருவரும் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தார். பழைய குறிப்பின் ஓரத்தில் அந்த வரியை இப்போது சேர்த்துவிடு, அப்போதே பதிவானதாக இருக்கட்டும், உனக்கும் மனம் ஆறும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் அந்தக் குறையோடு அப்படியே இருக்கும். புதிய பக்கத்தில், இன்றைய தேதியிட்டு, குப்பம்மா அக்கா என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், நான் ஏன் எழுதவில்லை என்று எழுதினேன். அவளிடம் வாசித்துக் காட்டினேன். சரி என்று கைநாட்டு வைத்தாள். பாய் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த இரண்டு பக்கங்கள்.

இதை மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதி முடித்தேன். செம்பைப் பற்றிப் பேச இரண்டு ஊரும் வருகிற செவ்வாய்க்கிழமை எல்லைக்கல்லில் கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவார்களா என்று எனக்குத் தெரியாது. காவலாளி ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்தார்.