பிள்ளை குளிப்பாட்டிய சத்தியபாய்

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு ஜெரிஷ் போன் செய்தான். என் அம்மாவின் அடுத்த வீட்டுக்காரன். "அக்கா, மாமி போயிட்டாவ. ஒறக்கத்திலயே போயிருக்காவ," என்றான்.

என் அம்மா சத்தியபாய், இரணியல் பக்கத்து எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டி வந்தவள். அப்பா செத்தபிறகு தொடங்கிய வேலை. அதில்தான் நான் கல்லூரி படித்தேன். நீட்டிய கால்களின்மேல் பிள்ளையைக் கிடத்தி, கையையும் காலையும் நீவி, வெந்நீர் ஊற்றுவாள். வாய் ஓயாது. "ஏலே, உனக்க மூக்கு அப்பனுக்க மூக்குதான், கவலப்படாண்டாம்" என்று பிள்ளையிடம் சொல்ல, பெற்றவளும் மாமியாரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஜெரிஷ், பெமிலா தம்பதியின் முதல் பிள்ளை ஜோவினையும் அவள்தான் குளிப்பாட்டினாள். மூன்று மாதம் முடியும்போது பிள்ளை ஓயாமல் அழ ஆரம்பித்தான். விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டான். கால்கள் விறைத்தன. அம்மா இன்னும் பொறுமையாக, இன்னும் நேரமெடுத்து நீவினாள். பால் குடிக்கவும் அவன் திணறியபோது, பெமிலாவின் மாமியார் முற்றத்தில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார்: "நீ பிடிச்சு இழுத்ததுலதான் பிள்ளைக்க நரம்பு மாறிப்போச்சு, சத்தியபாய்."

மற்ற வீடுகளிலும் இனி வரவேண்டாம் என்றார்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கத் திருவனந்தபுரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஜெரிஷும் பெமிலாவும் மாமியாரும் பிள்ளையோடு கிளம்பிய காரில் யாரும் கூப்பிடாமலே அம்மா ஏறினாள். நானும் கூடப் போனேன். பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். இயந்திரம் இடிக்கும் சத்தம் கதவு தாண்டி வந்தபோதெல்லாம் அம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கணினியில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளையின் நடுவே, அந்த வயதில் வெளுத்துத் தெரியக்கூடாத இடம் வெளுத்திருந்தது. நரம்பிழைகளின் மேலுறை அழிந்துகொண்டு வருகிறது, மிக அபூர்வமான பிறவி நோய், இரத்தம் சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்றார். இந்த நிலையில் மருந்து இல்லை என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அம்மா கேட்டாள்: "எனக்க கையால வந்ததுன்னா இதுல தெரியுமா டாக்டரே?"

அவர் திரையில் இடதையும் வலதையும் மாறிமாறித் தொட்டுக் காட்டினார். அடிபட்ட தலையென்றால் தடம் வேறு மாதிரி இருக்குமாம். இது இரண்டு பக்கமும் அச்சு எடுத்ததுபோல இருக்கிறது, தாயும் தகப்பனும் அறியாமல் கொடுத்தது என்றார். சொந்தத்தில் கட்டியதா என்று கேட்டார். ஜெரிஷுக்குப் பெமிலா தாய்மாமன் மகள். மாமியாரின் கூடப்பிறந்தவர் மகள்.

திரும்பும் வழியில் பாறசாலையில் காரை நிறுத்தச் சொல்லி, மாமியார் தன் கையாலேயே அம்மாவுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

இரத்தப் பரிசோதனையும் படம் சொன்னதையே சொன்னது. ஒரு வயது தாண்டிக் கொஞ்ச நாளில் ஜோவின் இறந்தான். ஊரில் பேச்சு மாறியது. வீடுகளில் மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை. படத்தை நீயே பார்த்தாயே என்று நான் எத்தனையோ முறை வாதாடினேன். ஒருமுறைதான் பதில் சொன்னாள்.

"தப்பு எனக்கில்லேன்னு சொன்னாரு மக்கா. பிள்ளைக்கு வலிக்கல்ல, நொம்பலம் இல்லேன்னு சொல்லல்லியே. அவன் கெடந்து கதறுனப்போ நான் கத சொல்லிக்கிட்டுல்லா நீவினேன்."

பெமிலா மறுபடி உண்டானபோது வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அந்த நோய் இல்லை. பெண்பிள்ளை. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமியாரே எங்கள் வீட்டுப் படியேறி, "நீ தொடல்லேன்னா நான் வேற ஆளக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா "பாப்போம்" என்று மட்டும் சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை ஜெரிஷ் வந்து கதவைத் தட்டியது அவள் முடிவைக் கேட்கத்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போனபிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பிழிந்த தேங்காய்ப்பால் இருந்தது. ஒற்றை ஆளின் குழம்புக்கு இவ்வளவு வேண்டாம். வீட்டுச் சமையலுக்குக் கடையில் வாங்கும் எண்ணெய்தான். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுப்பது பிறந்த பிள்ளையின் உடம்பில் தேய்க்க மட்டும். பாலைப் பிழிந்து வடிகட்டியும் வைத்திருக்கிறாள். காய்ச்சவில்லை.