காதுக்கு வைத்த சோதனை

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைத் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு குரலில் கரகரப்பு எவ்வளவு, மூச்சுக்காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகக் கேட்டு மார்க் போட்டவர். டாக்டர்கள் கருவியை நம்பினார்களோ இல்லையோ, தராசின் காதை நம்பினார்கள். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

தொண்டை கெட்டுப்போன வாத்தியார்களுக்கு எந்த வைத்தியம் பலிக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வு ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குக் குரல் பயிற்சி. மீதிப் பேருக்கு ‘தண்ணீர் குடி, கத்தாதே’ என்ற அறிவுரை மட்டும். வைத்தியத்துக்கு முன் பதிந்த குரல்களை முதலிலும், பின் பதிந்தவற்றைச் சில மாதம் கழித்தும் கலைத்துப் போட்டு, வெறும் எண்ணோடு கொடுப்பார்கள். யாருக்கு எந்த வைத்தியம் என்பது கேட்டு மார்க் போடும் இரண்டு பேருக்கும் தெரியாது; அதில் ஒருவர் தராசு. திட்டம் போட்ட கூட்டத்தில் தராசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“கேக்குற காதையும் சோதிக்கணும் மேடம். அஞ்சுல ஒரு குரலைச் சொல்லாம ரெண்டாந்தடவை போடுங்க. ரெண்டு தடவையும் மார்க் ஒத்துவரலைன்னா அந்தக் காதை விலக்கிடுங்க” என்றார். பெரிய டாக்டரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. விதியாகவே எழுதிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை. வீட்டில் துணி துவைக்கும் மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அசையவில்லை.

“எவ்வளவு நேரமா அது கீச்கீச்சுன்னு கத்துது! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி.

அவர் பேப்பரைப் போட்டுவிட்டு மெஷின் பக்கம் காதைக் கொண்டுபோய்ப் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை. கீச்சென்ற உச்சசுருதி ஓசை கேட்காத காதுக்கு, குரலில் கலந்த மூச்சும் கேட்காது. கொஞ்ச நாளாக எல்லா வாத்தியாரும் தேறிவிட்டதாகத் தோன்றியதே, அது வைத்தியத்தின் மகிமை இல்லை!

சொன்னால் வேலை போகும். காதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. சொல்லாவிட்டால் தேறாதவர்களெல்லாம் தேறியதாக ஆய்வு முடியும். பலிக்காத வைத்தியத்துக்கும் பலித்தது என்று பேர் வரும். இரண்டும் தெரிந்தே அவர் சொல்லாமல் இருந்தார்.

கேட்கும் அறையில் பஞ்சு வைத்துத் தைத்த சுவர், கனத்த கதவு, ஒற்றை நாற்காலி. அங்கே உட்கார்ந்து அவர் குரலைக் கேட்பதையே விட்டுவிட்டார். பேசுமுன் செருமும் ஆள், படிக்கக் கொடுத்த பத்தியின் மூன்றாம் வரியில் நாற்காலியை நகர்த்தும் ஆள் என்று அடையாளம் பிடித்து, போட்ட மார்க்கோடு சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். அதே பதிவு மறுபடி வந்தால் நோட்டைப் பார்த்து அதே மார்க். தான் சொன்ன விதிக்குத் தானே தண்ணி காட்டினார், வேறென்ன?

முடிவு பார்க்கும் நாள் வந்தது. அவரைப் போலவே தனியாகக் கேட்டு மார்க் போட்டவள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளம்பெண். அவள் மார்க் தடவைக்குத் தடவை நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு ஏறி இறங்கியிருந்தது. நேர்மையான காது கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். தராசின் மார்க்கோ ஒரு புள்ளிகூட அசையவில்லை.

“விதின்னா விதி. இந்தப் பொண்ணு மார்க்கை எடுத்துடலாம்” என்றார் டாக்டரம்மா. “இனி இவர் காது ஒண்ணே போதும். அடுத்த ரெண்டு ஆய்வுக்கும் இவர்தான்.”

தராசு எழுந்து நின்றார். “மேடம், இப்படி அச்சு அசலா ஒத்துப்போறதே சரியில்ல. என் காது…”

“ஐயோ, இந்தத் தன்னடக்கம் இருக்கே!” என்று டாக்டரம்மா சிரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தபிறகாவது இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பாவி மனுஷன்.

மதியம் அந்தப் பெண் கேட்கும் அறைக்கு வந்தாள். அழுதிருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஹெட்போனை அவரிடம் நீட்டினாள்.

“எழுபத்தொண்ணாம் நம்பர் சார். நீங்க சுத்தமான குரல்னு போட்டிருக்கீங்க. எனக்கு மூச்சு கலந்து கேக்குது. நான் எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க சார்.”

போட்டுக் கேட்டார். யாரோ ஒரு டீச்சரம்மா பளிச்சென்று பேசினார்.

“சுத்தமாத்தாம்மா இருக்கு.”

அவள் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டாள். நெற்றியைச் சுருக்கி இன்னொரு தடவை கேட்டாள்.

“ஆமா சார். இப்ப எனக்கும் அப்படித்தான் கேக்குது” என்றாள்.

சாருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று, போகும்போது அந்தக் கனத்த கதவை வெளியிலிருந்து நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.